சுங்கை சிப்புட்டில் சிறுவர் நூலகம்: அறையை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நண்பர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஒரு சமூக நூலகம் தொடங்கப்போகிறோம். கடைவீட்டு மாடியில் ஓர் அறை தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்பளிப்பாக அறுநூறு புத்தகம் வரை சேர்ந்துவிட்டது. டவுன் பிள்ளைகளோடு சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டப் பிள்ளைகளையும் எப்படிக் கொண்டுவருவது? சங்கமாகப் பதிய வேண்டுமா? திறப்பு விழாவுக்கு யாரை அழைக்கலாம்?

பதில்: தம்பி, அறையும் புத்தகமும் கைக்கு வந்துவிட்டதால் உங்கள் யோசனையும் அங்கிருந்தே தொடங்குகிறது. நான் தலைகீழாகச் சொல்வேன். முதலில் ஆள் தேடுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், மழை பெய்தாலும் கல்யாண மாதமானாலும் தவறாமல் வந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர். அவர்கள் கிடைத்துவிட்டால் கோயில் மண்டபத்து ஓரமும் ஐம்பது புத்தகமும் போதும். கிடைக்காவிட்டால் ஏர்கோன் போட்ட அறையும் பூட்டியே கிடக்கும். நான் பார்த்த வரைக்கும் இப்படிப்பட்ட சிறு நூலகங்கள் பணமில்லாமல் மூடுவது குறைவு; சாவி வைத்திருந்தவர் வேலை மாறிக் கோலாலம்பூருக்குப் போய்விட, அத்தோடு மூடுவதுதான் அதிகம்.

ஒருவர் போதாதா என்றால், போதாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் கதவு திறக்காது. இரண்டு வாரம் திறக்காத இடத்துக்குப் பிள்ளைகள் மூன்றாவது வாரம் வரமாட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு: ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளைகளோடு மூடிய அறையில் இருக்கும் ஏற்பாடு எதையும் நீங்கள் தொடங்கவே கூடாது. எப்போதும் இரண்டு பேர், எப்போதும் கதவு திறந்திருக்க வேண்டும். யார் எவ்வளவு நல்லவர் என்ற பேச்சே இதில் வரக்கூடாது, எல்லாருக்கும் ஒரே விதி.

நம் தோட்டங்களில் வாசிப்பே இருந்ததில்லை, நாம்தான் புதிதாகக் கொண்டுபோகிறோம் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டத்துக்குள் வந்த காலத்தில், எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் லயத்து வீடுகளின் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். முரசின் மாணவர் பகுதியிலிருந்து மணிமன்றங்கள் என்ற இளைஞர் அமைப்புகள் கிளைத்தன. பல தோட்டங்களில் இளைஞர்கள் ஒரு சிறு கொட்டகையில் படிப்பகம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு 1950களின் கடைசியில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். உங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைக் கண்டுதான். பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மூடிய பள்ளிக்காவது அரசாங்கத்திடம் கணக்கு இருக்கிறது. மூடிய படிப்பகங்களை யாரும் எண்ணவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் பழம்பெருமை இல்லை. உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய யாராவது அப்படியொரு படிப்பகத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். புத்தகம் எத்தனை இருந்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. யார் வாசித்தார் என்பது நினைவிருக்கும்.

சரி, அந்த அறுநூறு புத்தகம். மனம் நோகாமல் கேளுங்கள்: அதில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். பார்க்காமலே சொல்கிறேன், ஏனென்றால் அன்பளிப்பு மூட்டைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. யூ.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வின் மாதிரித் தாள்கள் ஒரு மூட்டை இருக்கும். அந்தத் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள். கெட்டி அட்டை போட்ட பழைய கலைக்களஞ்சியம், பெரியவர்கள் படித்து முடித்த நாவல்கள், சங்க ஆண்டு மலர்கள், சாமி புத்தகங்கள், பாதி எழுதிய பயிற்சி நூல்கள். இவற்றை அலமாரியில் அடுக்கினால் அறை நிரம்பியதுபோல இருக்கும். உள்ளே வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு பள்ளிக்கூடம். ஆகவே, கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி வாங்கி, பின்வாசல் வழியாகப் பழைய பேப்பர்காரரிடம் அனுப்பிவிடுங்கள். இதற்கு மனசு வராதவர் புத்தகத் தேர்வுப் பொறுப்பில் இருக்கக்கூடாது.

மிஞ்சுவது நூறு என்றாலும் நல்ல தொடக்கம். மேற்கொண்டு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் நல்ல சிறுவர் புத்தகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் அச்சாகின்றன. தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள், நேஷனல் புக் டிரஸ்ட் என்று தேடத் தொடங்கலாம். புத்தக விலையைவிடக் கப்பல் செலவு வலிக்கும், அதனால் ஊருக்குப் போய்வரும் உறவினர்களின் பெட்டியில் இரண்டு கிலோ இடம் கேட்டு வையுங்கள். இன்னொரு வழி, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம். தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள், வாசிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்துக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் இறக்கி, அச்சடித்து, ஸ்டேப்ளர் போட்டுக் கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கிழிந்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போகப்போகத் தெரியும்.

நிலை பார்ப்பது எப்படி? ஐந்து விரல் முறை என்று ஒன்று உண்டு: பிள்ளை ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும், ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். அது ஆங்கிலப் புத்தகத்துக்கு ஏற்ற கணக்கு. தமிழில் ஒரு சொல்லுக்குள் மூன்று சொல் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அங்கேதான் மூச்சு வாங்கும். என் கணக்கில் மூன்று விரலே போதும். நான்காம் ஆண்டுக்கு வந்தும் சரளமாக வாசிக்க வராத பிள்ளைகள் கண்டிப்பாக வருவார்கள். அவர்களிடம் ஒன்றாம் ஆண்டுப் புத்தகத்தை எல்லார் முன்னாலும் நீட்டாதீர்கள். அவர்களுக்குப் படக்கதை வைத்திருங்கள். படக்கதை படிப்பெல்லாம் படிப்பா என்று கேட்கும் பெரியவரை டீ வாங்கிவர அனுப்பிவிடலாம்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் உலகம் நம் பிள்ளைகளின் உலகம் இல்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். ஆட்டோ, மாட்டுத் தொழுவம், கோடை விடுமுறை எல்லாம் அவர்களுக்குப் படத்தில் பார்த்தவை. செம்பனைக் காடு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, பாதையைக் கடந்துபோகும் உடும்பு எல்லாம் வருகிற கதை அச்சில் அபூர்வம். அதை நீங்களே உண்டாக்கலாம். பிள்ளை வாயால் ஒரு கதை சொல்லட்டும், பெரியவர் அதைச் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதட்டும், பிள்ளை படம் வரையட்டும், அப்புறம் அதே பிள்ளை அதை வாசிக்கட்டும். எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையும் தன் கதையை வாசித்துவிடும், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அதற்கே தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டிகளிடமும் கேட்டு எழுதுங்கள். அந்தக் கதைகளை வாங்க எந்தக் கடையும் இல்லை.

இப்போது அறை. கடைவீட்டு மாடி வேண்டாம் என்பது என் கருத்து. சாலையிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத மாடிக்கு எந்தத் தாயும் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பமாட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படி ஆபத்து. இன்று இலவசமாகத் தருபவர் நாளை நல்ல வாடகை வந்தால் என்ன செய்வார் என்பதையும் யோசியுங்கள். கோயில் மண்டபம் எளிது. வெள்ளிக்கிழமை மாலையோ ஞாயிறு காலை தேவார வகுப்பு முடிந்தோ பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், தனியாக அழைக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஊரில் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, பக்கத்து வீட்டு மலாய், சீனப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கோயிலுக்குள் வரத் தயங்குவார்கள். பள்ளியில் வைத்தால் இந்தத் தயக்கம் இராது, அதற்குப் பதில் பூட்டுப் பிரச்சினை வரும்: பிள்ளைகளுக்குப் பொழுது போகாத நீண்ட விடுமுறையில்தான் பள்ளி மூடியிருக்கும். தாமானின் பொது மண்டபம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தரைத்தளம், நாலு பேர் கண்ணில் படும் இடம், தண்ணீர், கழிப்பறை. இந்த நான்கும் இருந்தால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தாலும் பரவாயில்லை.

பேராக் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மர அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சையும் கரையானும் வரும். இரும்பு அலமாரி வாங்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம், கைக்குழந்தைகளும் வருவார்கள். வாரம் ஒருமுறை புத்தகத்தை எடுத்து உதறினாலே பாதி வேலை முடிந்தது. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓட மாட்டுகிற பிளாஸ்டிக் வாய்க்கால் இருக்கிறதல்லவா, அதை வாங்கிச் சுவரில் தாழ்வாக அடித்தால் புத்தக அட்டை முன்பக்கமாகத் தெரியும்படி நிறுத்தலாம். சின்னப் பிள்ளைகள் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், முதுகைப் பார்த்து எடுப்பது பெரியவர்கள்தான்.

தோட்டங்களுக்கு வருவோம். எல்பில், டோவன்பி, ஈவூட் பக்கத்துப் பிள்ளைகளை டவுனுக்கு வரவழைக்கத் திட்டம் போடாதீர்கள். வீட்டில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருப்பார். புத்தகம்தான் போக வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் அச்சில் வந்ததும் அதே ஆண்டு. கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற ஆசிரியர் ஆல்ஃபா, பெட்டோ என்று இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகம் ஏற்றி மலைக் கிராமப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். நமக்குக் கழுதை வேண்டாம், பள்ளி வேன் இருக்கிறது.

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்குங்கள். பெட்டிக்கு முப்பது, நாற்பது புத்தகம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பொறுப்பாளர்: ஆயாக்கொட்டகை அம்மாவோ, தோட்டத்துக் கடைக்காரரோ, ஐந்தாம் படிவம் படிக்கும் அக்காவோ. மாதம் ஒருமுறை பெட்டிகள் இடம் மாறும், எல்பில் பெட்டி டோவன்பிக்கு, டோவன்பி பெட்டி ஈவூட்டுக்கு. அப்படிச் சுற்றினால் நூற்றைம்பது புத்தகத்தில் நாலைந்து மாதத்துக்குப் புதுப் புத்தகம் வந்தது போலவே இருக்கும். வேன் ஓட்டும் அண்ணனிடம் பேசி அவர் பெட்ரோலுக்கு ஏதாவது கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் மூன்று மாதம் செய்வார். தோட்டத்துக்குள் நுழைய மேனேஜர் அனுமதி வேண்டும். வாயில் காவலரிடம் வாதாடாமல், முன்கூட்டியே கடிதம் கொடுத்து ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டப் பள்ளிகளை விட்டுவிடாதீர்கள். 150 பேருக்குக் குறைந்த பள்ளியை நம் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்ற வகையில் சேர்க்கிறது. தோட்டப் பள்ளிகளில் பல அந்த வகைதான். மாணவர் குறைவு என்றால் ஆசிரியருக்கு வேலை குறைவு என்று அர்த்தமில்லை. நூலகப் பொறுப்பாசிரியரே இன்னும் நாலு பொறுப்பைச் சுமப்பார். அவரிடம் போய் “நாங்கள் வாசிப்பை வளர்க்க வந்திருக்கிறோம்” என்று பேசாமல், “உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பற்றாக்குறை, ஐயா?” என்று கேளுங்கள். பள்ளிகளில் நீலாம் என்ற வாசிப்புத் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது, படித்த புத்தகத்தைப் பதிவு செய்ய வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் பதிவு என்று வந்தவுடன் சில பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காமலே கூட்டாளியைப் பார்த்துச் சுருக்கம் எழுதிவிடுவார்கள். உங்கள் நூலகத்தில் சுருக்கமும் வேண்டாம், கேள்வித்தாளும் வேண்டாம், அதிகம் படித்தவருக்குப் பரிசும் வேண்டாம். டியூஷனாகவும் மாற்றிவிடாதீர்கள். பெற்றோர் கேட்பார்கள், மெதுவாக மறுத்துவிடுங்கள்.

இரவல் விதிகளில் தாராளமாக இருங்கள். வைப்புத்தொகை வேண்டாம், அபராதம் வேண்டாம். இருபது காசு அபராதத்துக்குப் பயந்து புத்தகத்தையும் தராமல், அதற்கப்புறம் வரவும் செய்யாத பிள்ளைதான் உங்களுக்கு உண்மையான நஷ்டம். ஆளுக்கு இரண்டு புத்தகம், மழையில் மோட்டாரில் போகும்போது நனையாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை. பேரேட்டில் பெயர், வீடு, புத்தகம், தேதி. அவ்வளவுதான். வரவு செலவு போடும்போதே ஆண்டுக்குக் கொஞ்சம் புத்தகம் தொலையும், கிழியும் என்று எழுதி வையுங்கள். ஒன்றுகூடக் கிழியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பதிவுக்கு மைகிட் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கேட்காதீர்கள். நம் சமூகத்தில் பத்திரம் சரியாக இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். போகிற இடமெல்லாம் அந்தத் தாளைக் கேட்டுக் கேட்டு ஒதுங்கிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். பெயரைச் சொன்னால் புத்தகம் கிடைக்கும் என்கிற ஓர் இடமாவது ஊரில் இருக்கட்டும். அரசு நூலகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேராக் பொது நூலகக் கழகத்திடம் நடமாடும் நூலக வண்டி வருமா, சங்கங்களுக்கு மொத்தமாக இரவல் தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள். தமிழ்ப் புத்தகம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மலாய், ஆங்கிலப் படப் புத்தகங்களை அங்கிருந்து எடுத்தால் உங்கள் பணம் முழுவதையும் தமிழுக்குச் செலவிடலாம்.

அந்த இரண்டு மொழியும் வேண்டுமா என்று உங்கள் குழுவில் ஒருவராவது கேட்பார். வேண்டும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள், மலாய் வாசிப்பில் பின்தங்கியவர்கள் அங்கே முதல் ஆண்டிலேயே தளர்ந்துபோகிறார்கள். தமிழ் மட்டும் என்று வைத்தால் பெற்றோருக்கு இது வாழ்க்கைக்குப் பயன்படாத இடமாகத் தெரியும். அலமாரியில் பாதி தமிழ், மீதி மற்ற இரண்டும். வாசித்துக் காட்டுவது தமிழில். அக்கம்பக்கத்து மலாய்ப் பிள்ளையோ, மேலே தெமியார் பழங்குடிக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வந்திருக்கும் பிள்ளையோ எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் எடுக்க ஒரு புத்தகம் இருக்கும்.

வாசித்துக் காட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். இருபது நிமிடம் போதும். பாதியில் நிறுத்தி “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, அதை அடக்குங்கள். போன வாரக் கதையையே கேட்டால் அதையே வாசியுங்கள். எழுத்துநடை தடுக்கும் இடத்தில் பேச்சுத்தமிழில் சொல்லிவிட்டுப் போகலாம். நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளை வாசிப்பவர்களாகப் பழக்குங்கள், சேவைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தால் அவர்களுக்குப் புறப்பாட நடவடிக்கைக் கோப்பில் வைக்க உதவும். வந்த இடத்தில் அவர்களும் எதையாவது புரட்டுவார்கள்.

சங்கப் பதிவு: 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அமைப்பாக நடத்தினால் பதிவு செய்ய வேண்டும். முதல் ஆண்டே சங்கப் பதிவிலாகாவுக்கு அலைய வேண்டாம் என்றால், ஏற்கெனவே பதிவான கோயில் நிர்வாகத்தின் கீழோ, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு சேர்ந்தோ, மணிமன்றக் கிளை இருந்தால் அதன் கீழோ நடத்துங்கள். வங்கிக் கணக்கும் அவர்களுடையதாக இருக்கட்டும், ரசீது மட்டும் உங்களிடம் தனியாக இருக்கட்டும். மானியம் கேட்கும் நிலை வரும்போது சொந்தப் பதிவு தேவைப்படும், அப்போது செய்துகொள்ளலாம். தலைவர், செயலாளர் தேர்தலை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது.

திறப்பு விழாவை முதலில் வைக்காதீர்கள். சத்தமில்லாமல் தொடங்கி ஆறு மாதம் நடத்துங்கள், பெட்டிகள் நாலு தோட்டத்தைச் சுற்றி வரட்டும். அதற்கப்புறம் சட்டமன்ற உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ அழையுங்கள். மாலையும் பொன்னாடையும் வழக்கம்போல் நடக்கட்டும், பரவாயில்லை. பேச்சு முடிந்ததும் அந்த ஒய்.பி. “என்ன உதவி வேண்டும்?” என்று கேட்பார். கணினி என்று சொல்லிவிடாதீர்கள். ஓராண்டுக்கு வேன் பெட்ரோல் செலவு இத்தனை வெள்ளி, பெட்டி இத்தனை, தமிழ்ப் புத்தகம் இத்தனை என்று எழுதிய தாளைச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்து, படம் எடுப்பதற்கு முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.